லாரி போகிற வரைக்கும்

குறும்படம் எடுத்தவனிடம் படத்தை எப்படி எடுத்தாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எடுத்த படத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் என்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது, ஒன்றும் நல்லதாக இல்லை.

மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்கு கேட் வேலை. வருகிற லாரியின் எண்ணைப் பதிந்து உள்ளே விடுவேன், போகிற லாரியை வெளியே விடுவேன். விடுமுறை நாட்களில் சேர்த்துச் சேர்த்து எடுத்த படம் அது. கேமராவும் எடிட்டிங்கும் என் நண்பன். தண்டையார்பேட்டையில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் என்று எல்லோரையும் சிரிக்க வைத்து அலுத்துப்போனவன், ஒரு தடவையாவது சிரிக்காத முகத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்று என்னோடு வந்தான். நடித்தது என் சித்தி.

சித்தியின் வீடு திருவொற்றியூரில் எக்ஸ்பிரஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வாசலைத் தேய்த்துக்கொண்டு போகும். அலமாரியில் வைத்த டம்ளர் ஒரு வாரத்தில் தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். யாராவது உள்ளே தள்ளி வைப்பார்கள்.

அந்த ரோட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போது லாரி வந்தால் அப்படியே நிறுத்திவிடுவார்கள். வாய் பாதி திறந்தபடி இருக்கும், தூக்கிய கை தூக்கியபடி இருக்கும். லாரி போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடருவார்கள். எதிரே இருப்பவரும் காத்திருப்பார். சண்டையிலும் இதே கதைதான். தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைப்பதில் இரண்டு பெண்கள் முடியைப் பிடிக்கப் போகிற நேரத்தில் டிரெய்லர் வந்தால், இருவரும் முறைத்தபடி நிற்பார்கள். வரிசையாக நாலைந்து வந்துவிட்டால் சண்டை ஆறிப்போய் வீட்டுக்குப் போனதும் உண்டு. இதைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "நாங்க எங்க நிறுத்துறோம்?" என்று நம்மையே ஏற இறங்கப் பார்ப்பார்கள். அவர்களுக்கு அது தெரியாது. நமக்கு இமை அடிப்பது தெரிகிறதா என்ன?

சித்திக்கு ஒரே மகன். எனக்குத் தம்பி முறை, ஏறக்குறைய என் வயது. சித்தப்பா இறந்த பிறகு சித்தி யார் யார் காலிலோ விழுந்து அவனுக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை வாங்கிக் கொடுத்தாள். அவன் விட்டுவிட்டு வந்தான். இன்னொன்று வாங்கிக் கொடுத்தாள். அதையும் விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றான். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். சித்தி கையில் கரண்டியோடு வெளியே வந்து, "நீ இந்த வூட்டுக்கு…" என்று ஆரம்பித்தாள். லாரி வந்தது. காலி டிரெய்லர், காலிக்குத்தான் சத்தம் அதிகம். இருவரும் நின்றார்கள். அவன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். லாரி போனது. "வராத" என்று சித்தி முடித்தாள்.

அந்த மாதமே ஏஜென்ட் மூலமாக வளைகுடாவுக்குப் போய்விட்டான். போவதற்கு முன்னால் என்னிடம் ஒன்று சொன்னான். "கோவத்துல பொட்டுனு சொல்லியிருந்தா நான் உட்டுட்டு இருப்பேன் ண்ணா. லாரி போற வரிக்கும் அதுக்கு டைம் இருந்துச்சி. யோசிக்க டைம் இருந்துச்சி. இருந்தும் சொல்லிச்சி பாத்தியா." அது யோசிக்கிற நேரம் இல்லை, அந்த நேரத்தில் அந்த ரோட்டு ஆட்கள் எதையும் யோசிப்பதில்லை, வெறுமனே நிற்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவனும் அதே ரோட்டில் பிறந்தவன், அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

கொஞ்ச காலம் என்னிடம் மட்டும் பேசினான். அங்கே தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப்பில் எல்லோரும் வெள்ளிக்கிழமையானால் ஒரு குறும்பட சேனலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள், ரூமே அதைத்தான் பார்க்கும் என்று சொன்னான். பிறகு அந்த நம்பரும் செத்துப்போனது. அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்றுகூட இப்போது எங்களுக்குத் தெரியாது.

படத்தின் கதையை நான் அவனிடமிருந்துதான் எடுத்தேன். மகன் போன் செய்கிறான், அம்மா அவனை வராதே என்கிறாள், அவ்வளவுதான். சித்திக்கு வசனத்தைச் சொல்லிக் கொடுத்தபோது அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். "சரி, சொல்றேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஷாட் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. சுவரோரம் நின்று போனைக் காதில் வைத்துப் பேசினாள். ரோட்டைப் பற்றிய கவலையே அவளுக்கு இல்லை. சின்ன வண்டிகளுக்குச் சின்னதாக நிறுத்தி, பேசி, நிறுத்தி, கடைசி வரிக்கு வந்தாள். "நீ இந்த வூட்டுக்கு…" என்றதும் ஒரு டிரெய்லர் வந்தது. நாங்கள் ஏற்பாடு செய்தது இல்லை. அதன் நிழல் வாசல் வழியாக ஏறி அவள் முகத்தைக் கடந்து போனது. வாய் பாதி திறந்திருந்தது. கண் எங்கேயோ போய்விட்டு வந்தது. லாரி போனது.

"வாடா" என்றாள்.

நண்பன் கேமராவை நிறுத்த மறந்துவிட்டான். சித்திதான் போனைக் கீழே வைத்துவிட்டு, "தப்பா சொல்லிட்டனா? மறந்து பூட்ச்சிடா. இன்னொரு தபா எடு" என்றாள். வேண்டாம் சித்தி, இதுவே போதும் என்றேன். அன்று நாங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "இத்த அவன் பாப்பானா?" என்று கேட்டாள்.

அப்போதிலிருந்து படத்தை எப்படி விநியோகம் செய்வது என்ற கேள்வி எனக்கு ஒரே ஒரு ஆளைப் பற்றிய கேள்வியாகிவிட்டது. அதை நண்பனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. "ஒரு ஆளுக்குப் படம் காட்டணும்னா ஊருக்கே காட்டணும் மாமு. எவன் மூலமாவாவது போய்ச் சேரும்" என்றான். ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பங்களுக்கு நடுவே உட்கார்ந்து திட்டம் போட்டோம். முதலில் குறும்பட விழாக்கள். விழாவில் பேர் வாங்கினால் சேனல்காரன் தேடி வருவான். சேனலில் வந்தால் வெள்ளிக்கிழமை கேம்ப்பில் ஓடும். திட்டம் என்றால் இதுதான் திட்டம் என்று இருவரும் ஆளுக்கொரு டீ குடித்தோம்.

விழாக்கள் ஒவ்வொன்றாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டன. இவ்வளவு நல்ல படங்கள் வந்ததில் தேர்வு கடினமாக இருந்ததாம். எல்லா ஊர்க்காரனும் ஒரே ஆளை வைத்து எழுதுகிறான் போலிருக்கிறது. நண்பன் உள்ளூர் கேபிள்காரரைப் போய்ப் பார்த்தான். "பாட்டு கீதா?" என்று கேட்டாராம். இல்லை. "ஃபைட்டு?" இல்லை. "அப்ப இன்னாத்துக்கு எடுத்தீங்க?" என்று நிஜமாகவே கவலையோடு விசாரித்தாராம்.

கடைசியில் நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு சின்ன விழாவில் எடுத்துக்கொண்டார்கள். ஏசி அரங்கம். நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். சித்தி "இன்னாடா" என்று சொன்ன முதல் வார்த்தைக்கே பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. எங்கள் பேச்சைக் கேட்டாலே காமெடி வரப்போகிறது என்று சினிமாக்காரர்கள் பழக்கிவைத்திருக்கிறார்கள், சிரித்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் எனக்கு எழுந்து போய் ஒருவன் பல்லையாவது உடைக்க வேண்டும் போல இருந்தது. அவள் லாரிக்கு நின்றபோது இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். படம் முடிந்ததும் தாடி வைத்த ஒருவர் எழுந்து, மௌனத்தை வெளிநாட்டு இயக்குநர்கள் பாணியில் கையாண்டிருக்கிறீர்கள் என்று பாராட்டினார். "அது லாரி சார்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

இருந்தாலும் அந்த விழாவால் ஒன்று நடந்தது. அங்கே வந்திருந்த யாரோ சொல்லி, அந்தச் சேனலிலிருந்தே கூப்பிட்டார்கள். தம்பி வெள்ளிக்கிழமைகளில் பார்ப்பதாகச் சொன்ன அதே சேனல். யார்டு கேட்டில் நின்றுகொண்டு பேசினேன். என் முன்னால் லாரிகள் ஹாரன் அடித்தன, நான் கேட்டைத் திறக்கவில்லை.

பேசியவர் மரியாதையான ஆள். கதை பிடித்திருக்கிறது என்றார். "ஆனா சார், ஆடியோல பிரச்சினை இருக்கு. வண்டிச் சத்தம் ரொம்ப. அதை சாஃப்ட்வேர்ல சுத்தமா எடுத்துடலாம். இன்னொண்ணு, அந்த அம்மா நடுநடுவுல ஹேங் ஆகுறாங்க. எங்க டீம்ல எல்லாரும் நெட் மாட்டிக்கிச்சுன்னு நினைச்சோம். அந்த கேப்பை எல்லாம் டைட் பண்ணிக் குடுத்தீங்கன்னா அடுத்த வெள்ளிக்கிழமையே போட்டுடலாம்."

அது ஹேங் இல்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "உங்க ஏரியாவுக்குப் புரியும் சார். போன்ல பாக்குறவன் அடுத்த படத்துக்குப் போயிடுவான்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

நண்பன் ஒத்துக்கொள்ளவே இல்லை. "அந்த லாரிய எடுத்துட்டா படத்துல இன்னா கீது? வெறும் அம்மா சென்டிமென்ட்டு. கல்யாண வீடியோவுல நானே டெய்லி போடுறேன்" என்று கத்தினான். இருவருமாகச் சித்தியிடம் போனோம். அவளைக் கேட்காமல் முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. சித்தி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நிறுத்தங்களை வெட்டச் சொல்கிறார்கள் என்றேன்.

"இன்னா நிறுத்தம்? நான் எங்க நிறுத்துனேன்?"

"லாரி வர்றப்ப, சித்தி."

"அது லாரி வருது. நான் இன்னா பண்ணேன்?" மீனைக் கழுவ எழுந்தவள் நின்றாள். "அந்த சேனல்ல போட்டா அவன் பாப்பான் இல்ல?"

"பாப்பான்."

"அப்ப எத்த வேணா வெட்டு. என் மூஞ்சியும் பேச்சும் இருந்தா போதும்டா. அவன் எங்கம்மா வர சொல்லிச்சினு கேட்டுக்குவான்."

அந்த நிறுத்தம்தான் எல்லாம் என்று அவளிடம் நான் எப்படிச் சொல்வது? சொன்னால், அவன் வீட்டைவிட்டுப் போனது அந்த வார்த்தைக்காக இல்லை, அதற்கு முன்னால் நீ நின்ற நேரத்துக்காக என்று சொல்ல வேண்டும். நீ யோசித்துச் சொன்னதாக நினைத்துக்கொண்டு போயிருக்கிறான் என்று சொல்ல வேண்டும். அவளுக்கே தெரியாத ஒன்றுக்கு அவளைக் குற்றவாளி ஆக்க வேண்டும். நண்பன் என்னைப் பார்த்தான். நான் நெத்திலியைப் பார்த்தேன். வெட்டிக் கொடுத்துவிடு என்று வெளியே வந்து சொன்னேன்.

அவன் வெட்டினான். நான் பக்கத்தில் இருந்தேன். முதலில் சத்தத்தை எடுத்தான். அந்த ரோடே காணாமல் போனது. சித்தியின் வீடு ஏதோ தோட்டத்துக்கு நடுவே இருப்பது போல ஆகிவிட்டது. பிறகு நிறுத்தங்களை ஒட்டினான். நிழல் போனது. "நீ இந்த வூட்டுக்கு வாடா" என்று ஒரே மூச்சில் வந்தது. எந்தப் படத்திலும் எந்த அம்மாவும் சொல்லக்கூடிய வரி. நண்பன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை படம் வந்தது. சித்தி என் போனில் பார்த்தாள். "சோக்கா கீறேன்ல?" என்று வெட்கப்பட்டாள். பார்த்தவர்கள் எழுதியதை நான் விடாமல் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பாசம், கண்ணில் தண்ணி வந்துவிட்டது என்று சிலர். இந்தப் பாஷையைக் கேட்டாலே சிரிப்பு வருகிறது என்று பலர். யார்டில் கேட் திறக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அதே வேலை. சில நாள் கழித்து ஒன்று வந்தது. பெயர் இருக்கும் இடத்தில் வெறும் எழுத்தும் எண்ணும். முகப்படமும் கிடையாது.

"வூடு எங்க வூடு மாதிரியே கீது. செட்டு சூப்பரு. ஒரு லாரி கூட வர்ல. எங்கம்மா நிக்காம பேசுது, நல்லா நடிக்குது. வசனம் எழுதிக் குடுத்த அண்ணனுக்கு வாழ்த்துகள்."

நான் கேட்டை மூடிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன். டிரைவர்கள் கத்தினார்கள். எனக்கு உலகத்தின் மேலேயே வெறுப்பாக இருந்தது. திட்டம் போட்டபடியே எல்லாம் நடந்திருக்கிறது. விழா, சேனல், வெள்ளிக்கிழமை, கேம்ப். படம் அந்த ஒரு ஆளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் அதை நம்பவில்லை.

முழுப் படத்தை வேறொரு இடத்தில் ஏற்றி, அந்த லிங்க்கை அவன் எழுதியதற்குக் கீழே போட்டேன். கொஞ்ச நேரத்தில் மறைந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி மறைந்தது. சேனலில் கேட்டால், லிங்க் போட்டால் மெஷினே தூக்கிவிடும் சார், எங்கள் கையில் இல்லை என்றார்கள். லிங்க் இல்லாமல் எழுதினேன். 'தம்பி, நான் அண்ணன். லாரி வந்துச்சு. இவங்க எடுத்துட்டாங்க. சித்தி நின்னுட்டுதான் சொல்லிச்சு. இந்த நம்பர்ல கூப்பிடு.' அது நின்றது. இன்றைக்கும் அங்கே நிற்கிறது. அவன் திரும்பி வந்து படித்தானா என்று எனக்குத் தெரியாது. படம் பார்த்து முடித்த இடத்துக்கு யார் திரும்பி வருகிறார்கள்?

சித்தியிடம் அவன் பார்த்துவிட்டான் என்று மட்டும் சொன்னேன். என்ன எழுதினான் என்று கேட்டாள். "வூடு எங்க வூடு மாதிரியே கீதுனு எழுதிகிறான்" என்றேன். அது பொய் இல்லை. அன்றைக்கே அவனுடைய கட்டிலில் அடுக்கியிருந்த பழைய துணி மூட்டையை இறக்கினாள். மெத்தையை வெயிலில் போட்டாள். காசிமேட்டுக்குப் போய் அவனுக்குப் பிடித்த வஞ்சிரம் வாங்கி வந்து, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தாள். அந்த மீனை யாரும் சாப்பிடாமல் அந்த வீட்டுக்காரி கடைசியில் எடுத்துப் பூனைக்குப் போட்டாள். மெத்தையைச் சித்தி உள்ளே எடுத்து வைத்தாள், மறுபடி வெயிலில் போட்டாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு முகத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்தாள். நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பன் பென் டிரைவை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போகலாம் என்றான். வெட்டாத படத்தை அந்த அம்மாவே பார்க்கவில்லையே, அது நியாயமில்லை என்றான். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் இருந்தது, வாய் வரவில்லை. சித்தி அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்து டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரியும் வந்தாள். இரண்டு பேரும் படம் ஓடும்போதே பேசிக்கொண்டிருந்தார்கள். படத்தில் டிரெய்லர் வந்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். கை தூக்கியபடி, வாய் பாதி திறந்தபடி. டிவிக்குள் இருந்த சித்தியும் அப்படியே நின்றாள். எனக்கு எங்காவது ஓடிப்போய்விட வேண்டும் போல இருந்தது.

"வாடா" என்றாள் டிவியில்.

டிவிக்கு வெளியே இருந்த சித்தி பேச்சைத் தொடரவில்லை. "நான் இப்டியா வாய தொறந்துகினு நிக்கிறேன்?" என்று கேட்டாள். மறுபடி போடச் சொன்னாள். நண்பன் போட்டு, அந்த இடத்தில் நிறுத்திவைத்தான். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். சித்தி சிரிக்கவில்லை. "அவன வராதனு சொன்ன அன்னிக்கும் ஒரு லாரி வந்துச்சி" என்று மெதுவாகச் சொன்னாள். "நான் இப்டி தான் நின்னுகினு இருந்தனா? அவன் என்னையே பாத்துகினு இருந்தான். ஏன் இப்டி பாக்குறான்னு நெனச்சேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அவன் பாத்தான்ல, அந்த படத்துல இந்த லாரி வருதா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதே நேரம் வெளியே ரோட்டில் ஒரு டிரெய்லர் வந்தது. காலி. அலமாரியில் டம்ளர் ஆடியது. நான் நின்றேன். சித்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை என்று சொன்னால், எத்த வேணா வெட்டு என்று அன்றைக்கு அவளே சொன்னது நினைவுக்கு வரும். அதை இனி தினமும் நினைத்துக்கொண்டு கிடப்பாள். லாரி நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. யோசிக்க எனக்கு நேரம் இருந்தது.

"வருது சித்தி" என்றேன்.

சித்தி தலையை ஆட்டினாள். டிவியில் உறைந்து நின்ற தன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"அப்ப இத்தயும் பாத்துட்டு தான் வராம கீறான்" என்று சொல்லிவிட்டு, குழம்பை இறக்க எழுந்து போனாள்.